ஒத்திகைக்கு வரத் தேவையில்லை

வெள்ளிக்கிழமை புயல் ஒத்திகை என்று
ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள்.
பக்கத்து வீட்டுக் கிறேசியனுக்குக் காது கேளாது.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பாண்காரனா என்று கையால் கேட்டான்.
இல்லை, கடல் என்றேன்.
விரல்களை அலையாக்கி
அவன் வாசற்படி வரைக்கும் கொண்டுபோனேன்.
சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

பின்னேரம் விதானையார் வந்தார்.
படலைக்கு வெளியே சைக்கிளில் காலூன்றியபடி,
"தங்கச்சி, நீர் ஒத்திகைக்கு வரத் தேவையில்லை.
வீண் கரைச்சல்.
உண்மையா வரேக்க பெடியள் வந்து தூக்குவினம்."
நல்ல மனிசன். அதுதான் சிக்கல்.
கொப்பியில் என் பெயருக்கு நேரே
ஏற்கெனவே ஒரு சரி விழுந்திருந்தது.

தூக்குவினம்.
எங்கே பிடித்து?
இந்தச் சில்லுக்கதிரையின் இடது கைபிடி
இழுத்தால் கழன்று கையோடு வரும்.
இடுப்புக்குக் கீழே சுட்டாலும் அறியேன்.
கால் நிலத்தில் இழுபட்டுத் தோல் போனால்
இரத்தத்தைக் கண்டுதான் எனக்குச் செய்தி.
ஏன், எப்படி, எந்த வருசம் என்று கேட்பவர்களுக்கு
வேறொரு பதில் வைத்திருக்கிறேன்.
இது அந்தக் கவிதை இல்லை.

வெள்ளி, ஒன்பது மணி, சைரன்.
போனேன்.
குருநகர் ஒழுங்கையெல்லாம் சனம்,
விளையாட்டுப் போட்டிபோலப் பிள்ளைகள்.
மணலில் முன்சில்லு புதைந்தது.
கிறேசியன் கதிரையைத் திருப்பிப்போட்டு
பின்பக்கமாய் இழுத்தான்.
கடலைப் பார்த்தபடியே
கடலைவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

பாடசாலை மண்டபத்துக்கு ஏழு படி.
மேலே பதாகை: எவரையும் கைவிடோம்.
படியடியில் நான்.
நேரம் குறிக்க வந்த இளம் அலுவலர்
என்னைக் கண்டதும் கடிகாரத்தை நிறுத்தினார்.
"நிற்பாட்டாதேங்கோ தம்பி, ஓடட்டும்."

நாலு பெடியள்.
முதல்முறை சில்லில் பிடித்தார்கள், சில்லு சுழன்றது.
அடுத்தமுறை கைபிடி,
சொன்னேனே, கழன்றது.
கிறேசியன் முன்பே என் தோளைப் பிடித்திருந்தான்.
சட்டத்தில் பிடியுங்கோ,
இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே,
என் காலை முதலில் கட்டுங்கோ.
சொல்லச் சொல்ல ஏறினேன்.
பதினொரு நிமிடம், நாற்பது செக்கன்.
அலுவலர் அதை எழுதினார்.
அழிக்கவில்லை.

பிறகு கக்கூஸ்.
தையற்காரி நான், அளவுநாடா கழுத்திலேயே கிடக்கும்.
கதவு இருபத்துநாலு அங்குலம்.
கதிரை இருபத்தாறு.
"இரண்டு அங்குலம்தானே" என்றது ஒரு குரல்.
உம்முடைய காற்சட்டையில்
இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கிறேன்,
மூன்று நாள் முகாமில் போட்டுக்கொண்டிரும் என்றேன்.
சிரித்தவர்களில் விதானையாரும் ஒருவர்.
ஆனால் அன்று மாலை திரும்பவும் வந்தார்,
இம்முறை படலைக்கு உள்ளே.
சரியை வெட்டிவிட்டுக் கொப்பியை என்னிடம் நீட்டினார்.
என் கையெழுத்தில் எழுதினேன்:
சட்டத்தில் பிடிக்கவும். மருந்துப்பை கதவுக்குப் பின்னால்.
பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார்,
கூப்பிட்டால் கேளாது, தொடவும்.

அதற்கப்பால் பெரிதாய் ஒன்றுமில்லை.
சாய்தளத்துக்கென்று ஒரு லோட் மணல் பறித்தார்கள்.
கார்த்திகை மழை அதில் பாதியைக் கொண்டுபோயிற்று,
மீதியில் நாய் படுக்கிறது.
கடிதம் கச்சேரியில்.

போன் அதிரும்தானே என்கிறார்கள்.
கோபுரம் சரிந்தால்?
என் யன்னலிலிருந்து வேலிக்கு மேலால்
ஒரு நைலோன் கயிறு,
மறுநுனி அவன் கட்டிலில், மணிக்கட்டுக்கு ஒரு தடம்.
கரண்ட் போன இரவுகளில்
அவன் பேசுவதற்கு நான் ரோச் பிடிக்கவேண்டும்,
அவன் முகத்தில் அல்ல, கைகளில்.

தினமும் எட்டு மணிக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம்.
இரண்டு இழுவை: இருக்கிறாயா?
ஒன்று: இருக்கிறேன்.
நேற்றுப் பதில் வரப் பிந்தியது.
காற்று வேறு.
கதிரைக்குத் தாவி, பாதி ஒழுங்கை போய்விட்டேன்.
குளித்துக்கொண்டிருந்தானாம்.